சுருதி சேராத சுகம்

"என்னடா இது, சுருதியே சேரலையே" என்றார் அம்மா, அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து.

தலைவலி கொஞ்சம் அடங்கட்டும் என்று இந்தோனேசியாவின் பாலித் தீவில் வெண்கல வாத்தியக் குழுக்கள் வாசிக்கும் கமெலான் இசையை ஸ்பீக்கரில் மெதுவாக ஓடவிட்டிருந்தேன். அம்மா வீணை கற்றவர், அந்தக் காதுக்கு எதுவும் தப்பாது.

அவர் சொன்னது சரிதான். ஆனால் அது பிசகு இல்லை.

அங்கே வெண்கலப் பட்டைகளைச் சுத்தியலால் தட்டி வாசிக்கும் வாத்தியங்களை ஜோடி ஜோடியாகச் செய்கிறார்கள், ஜோடியில் ஒன்றின் சுருதியை மற்றதைவிட மயிரிழை அளவு கூட்டியே வைக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துத் தட்டும்போது ஒலி ஒரே இடத்தில் நிற்காமல், காற்று பட்ட குளத்து நீர் மாதிரி, விநாடிக்குச் சில தடவை ஏறி இறங்கி அதிரும். அந்த அதிர்வு இல்லாவிட்டால் பாலிக்காரர்களுக்கு அது உயிரில்லாத வாத்தியம்.

நான் கேட்டது செமார் பெகுலிங்கான் என்ற வகை. ஒரு காலத்தில் அரண்மனையில் அரசரின் படுக்கையறைக்குப் பக்கத்தில் வாசித்தார்களாம் (வாழ்ந்திருக்கிறார்கள்!).

ஜாவா கமெலான் இதைவிட நிதானம். ஒரு நீண்ட சுற்று முடியும்போதுதான் காங் எனும் பெரிய தொங்கும் வெண்கலத் தட்டு ஒலிக்கும், அதற்காகக் காத்திருந்தே என் மூச்சு நிதானமாகிவிடுகிறது.

ஒரு எச்சரிக்கை. 'பாலி இசை' என்று தேடி, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த கெப்யார் பாணியைப் போட்டுவிட்டுப் படுக்காதீர்கள். முதல் அடியிலேயே எழுந்து உட்கார்ந்துவிடுவீர்கள்.