ஆச்சும்மா

“அஞ்சு நிமிஷம் ஆயிடுச்சாண்ணா?” என்று அந்தப் பெண் கேட்டார். “ஆச்சும்மா” என்றேன். ஆகியிருக்கவில்லை. என் ஸ்டாப்வாட்ச்சில் 3:10.

ஸ்டாண்ட்-அப் காமெடி ஓபன் மைக்கில், அதாவது பெயர் கொடுத்தவர்கள் ஆளுக்கு ஐந்து நிமிடம் மேடையேறி ஜோக் சொல்லிப் பார்க்கும் நிகழ்ச்சியில், என் வேலை கடைசி வரிசையில் நின்று நேரம் பார்ப்பது. நான்காவது நிமிடம் போன் டார்ச்சை ஒரு தடவை காட்டினால் இன்னும் ஒரு நிமிடம் பாக்கி என்று அர்த்தம். விடாமல் ஆட்டினால் இறங்க வேண்டியதுதான். அவருக்கு அந்த ஒரு தடவையைக் காட்டாமல் நேராக ஆட்டிவிட்டேன். ஒரு வாக்கியத்தின் நடுவில் நின்று, நன்றி சொல்லி இறங்கிவிட்டார்.

காரணம் இருந்தது. அவர் பதினான்காவது ஆள். கூட்டத்தில் மிச்சம் பதினோரு பேர், அதிலும் இரண்டு பேர் எழுந்துவிட்டார்கள். அறிவிக்காமல் ஒரு பிரபலம் வேறு வந்து நின்றார், புது ஜோக்குகளைப் பரிசோதிக்க. உரிமையாளர் என்னைப் பார்த்து விரலைச் சுழற்றினார். இந்த மாதிரி நேரத்தில் புதியவரை மேடையேற்றாமலே அனுப்பிவிடும் இடங்களும் உண்டு. நான் மூன்று நிமிடமாவது கொடுத்தேனே என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் ஏற்றாமல் அனுப்பியிருந்தால் அடுத்த வாரம் முழு ஐந்து நிமிடத்தோடு வந்திருப்பார்.

கூட்டம் சிரித்துக்கொண்டிருந்தால் டார்ச்சைத் தொட்டிருப்பேனா? மாட்டேன். அவருடைய முதல் ஜோக், லிஃப்ட்டில் பேசும் குரலைப் பற்றியது, அப்படியே விழுந்தது. ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. விழுந்த ஜோக்கில் ஒரு சொல்லை மாற்றி அடுத்த வாரம் சொல்லிப் பார்க்கத்தான் ஓபன் மைக் என்று புதிதாக வருகிறவர்களிடம் நானே சொல்வேன்.

என்னிடம் கேட்டபோது அவர் இடது உள்ளங்கையில் பேனாவால் எழுதியிருந்தது தெரிந்தது: லிஃப்ட், மேனேஜர், அம்மா, லிஃப்ட். கடைசியில் மறுபடி லிஃப்ட். கால்பேக். முதலில் வைத்ததைக் கடைசியில் திரும்ப எடுத்தால்தான் அது வெடிக்கும். விழுந்தது என்று நான் நினைத்த ஜோக், விதையாகக்கூட இருந்திருக்கலாம். இல்லை, மோசமான ஜோக்காகவே இருந்திருக்கலாம். இனி யாருக்குத் தெரியும்?

1979-ல் லாஸ் ஏஞ்சல்ஸின் காமெடி ஸ்டோர் என்ற காமெடி கிளப்பில் கலைஞர்கள் சம்பளம் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். இது கற்றுக்கொள்ளும் இடம், இங்கே எதற்குச் சம்பளம் என்பது முதலாளி தரப்பு வாதம். படித்தபோது கலைஞர்கள் பக்கம்தான் நின்றேன். எங்கள் மேடையிலும் சம்பளம் கிடையாது. ஐந்து நிமிடம்தான் கூலி. அதிலும் கிட்டத்தட்ட இரண்டு நிமிடத்தைப் பிடித்தம் செய்திருக்கிறேன்.

இதையெல்லாம்கூட விட்டுவிடலாம். அந்த ‘ம்மா’தான் உறுத்துகிறது. பொய்க்கு எதற்குப் பாசம்? கேட்டபோது அவர் வலது கையில் போன் இருந்தது. எல்லாப் புதியவர்களையும் போல அவரும் ஸ்டூலில் வைத்து ஒலிப்பதிவு செய்திருந்தார். மேடையிலேயே அதை நிறுத்திவிட்டுத்தான் என்னிடம் வந்தார். எத்தனை நிமிடம் என்று திரையிலேயே இருந்திருக்கும். “சரிண்ணா, தேங்க்ஸ்” என்றார்.

அடுத்த வாரமும் பெயர் கொடுத்திருந்தார். மூன்றாவது இடத்தில் போட்டு வைத்தேன். வரவில்லை. பெயர் கொடுத்துவிட்டு வராதவர்கள் எல்லா வாரமும்தான் இருக்கிறார்கள். அவருக்குப் பதிலாக ஏறிய பையனை ஆறரை நிமிடம் விட்டுவிட்டேன், டார்ச்சே காட்டாமல். உரிமையாளர் திட்டினார். அந்தப் பையனும் சுமார்தான்.