அரிக்காதவருக்கும் சேர்த்துத்தான் மருந்து

முழுப்பரீட்சை லீவுக்கு ஹாஸ்டலில் இருந்து வந்த பையன் ராத்திரி முழுக்கச் சொறிந்துகொண்டே இருந்தான். வெயில் காலம், வியர்க்குருவாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். அப்புறம் மெடிக்கல் ஷாப்பில் அரிப்புக்கு என்று கேட்டு ஒரு ஆயின்ட்மென்ட் வாங்கித் தடவினோம், இரண்டு நாள் அடங்கின மாதிரி இருந்து மூன்றாம் நாள் இரண்டு மடங்காகக் கிளம்பியது. அதில் ஸ்டீராய்டு இருந்திருக்கிறது. பையனுக்கு வந்திருந்தது சிரங்கு (ஸ்கேபிஸ்), ஸ்டீராய்டு அரிப்பை அமுக்குமே தவிர சிரங்கை உண்டாக்குகிற பூச்சியைக் கொல்லாது.

தோல் டாக்டர் விரல் இடுக்கை விரித்து, லென்ஸ் வைத்து எனக்கும் காட்டினார். பென்சிலால் லேசாகக் கிறுக்கின மாதிரி சாம்பல் நிறத்தில் நெளிநெளியாக ஒரு சின்னக் கோடு. அரை மில்லிமீட்டர்கூட இல்லாத பெண் பூச்சி தோலுக்குள் குடைந்து முட்டையிட்டுக்கொண்டே போன வழியாம் அது. சாதாரணச் சிரங்கில் ஒருத்தர் உடம்பில் மொத்தமே பத்துப் பதினைந்து பூச்சிதான் இருக்கும், அதற்கே இந்தப் பாடு!

வீட்டில் எல்லாரும் ஒரே ராத்திரியில் மருந்து போட வேண்டும், அரிப்பு இல்லாதவர்களும்தான் என்று டாக்டர் அழுத்திச் சொன்னார். முதல் தடவை ஒட்டினால் அரிப்பு தொடங்கவே 4 முதல் 6 வாரம் ஆகும், அதுவரை தனக்கு இருப்பது தெரியாமலேயே அடுத்தவருக்குக் கொடுத்துக்கொண்டிருப்போம். எங்கள் அப்பா கேட்கவில்லை. "எனக்கு எங்கடா அரிக்குது?" என்று பேரனோடு அதே பாயில் படுத்துக்கொண்டார். மே கடைசியில் அவர் இடுப்பைச் சொறிய ஆரம்பித்தார், இரண்டு நாளில் பையனுக்கும் திரும்ப வந்தது. முதல் சுற்றுக்கு வாங்கின ட்யூப் அத்தனையும் தண்டம்.

இரண்டாம் சுற்றில் ஒழுங்காகச் செய்தோம். பெர்மெத்ரின் 5 சதவீத க்ரீம், பெரியவருக்கு ஒரு தடவைக்குச் சுமார் 30 கிராம் பிடிக்கும். அரிக்கிற இடத்தில் மட்டும் தடவினால் பிரயோஜனமில்லை. கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, தொப்புள், அக்குள், தொடை இடுக்கு, நகக்கண் எதையும் விடக்கூடாது (கைக்குழந்தைக்குத் தலை, முகம் எல்லாம் உண்டு, அதை டாக்டரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும்). 8 முதல் 14 மணி நேரம் உடம்பில் இருக்கணும். நடுவில் கை கழுவினால் கைக்கு மறுபடி போடணும். என் மனைவி பூசிக்கொண்ட பிறகு பாத்திரம் தேய்த்துவிட்டு வந்து, நல்லவேளை ஞாபகம் வந்து, திரும்ப விரல் விரலாகத் தடவினாள். மிஞ்சின முட்டை பொரித்து வருகிற பூச்சியைக் கொல்ல ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை. அப்பாவுக்குக் கூடவே ஐவர்மெக்டின் மாத்திரையும் கொடுத்தார்கள். அது எடை பார்த்துக் கொடுப்பது, கர்ப்பிணிகளுக்கும் 15 கிலோவுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கும் வழக்கமாகக் கொடுப்பதில்லை, நாமாக வாங்கிப் போடக்கூடாது.

போர்வை, துண்டு, லுங்கி எல்லாவற்றையும் வெந்நீரில் அலசி நல்ல வெயிலில் போட்டோம். துவைக்க முடியாததைப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஒரு வாரம் மூலையில் வைத்தோம், மனுஷ உடம்பை விட்டால் பூச்சி இரண்டு மூன்று நாள்தான் தாங்கும். பக்கத்து வீட்டு அக்கா சொன்ன மாதிரி வீடு முழுக்க மருந்தடிக்கத் தேவையில்லை. வேப்பிலை அரைத்துப் பூசினால் குளுமையாக இருக்கும், அதை நம்பி க்ரீமை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

பூச்சி செத்த பிறகும் இரண்டு, நான்கு வாரம் அரிக்கும். அதைப் பார்த்துப் பயந்து தினமும் க்ரீமைப் பூசினால் தோல்தான் எரியும். அதற்கு மேலும் புதுப்புதுக் கொப்புளம் வந்தாலோ, சொறிந்த இடம் சீழ் பிடித்தாலோ டாக்டரிடம் போய்விடுங்கள்.

ஜூனில் ஹாஸ்டல் திறப்பதற்கு முன் வார்டனுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். "நம்ம ஹாஸ்டல் சுத்தமா இருக்கு சார்" என்றார். சுத்தத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, தினமும் இரண்டு வேளை குளிக்கிற என் அப்பாவுக்கே வந்தது, பையனோடு அந்த ரூமில் படுத்த மற்ற பிள்ளைகளின் கையை ஒரு தடவை பாருங்கள் என்றேன். மறுநாள் அவரே கூப்பிட்டு அந்த க்ரீமின் பெயரைக் கேட்டார்.