டெரர் கப்பல் மாடல்: முகப்புப் பலகை ஒருவழியா உக்காந்துடுச்சு

கப்பலோட முன்பக்கம், அதாவது முகப்பு, வலது பக்கம் முழுசா மெல்லிசு மரப்பலகை ஒட்டி மூடியாச்சு! எச்.எம்.எஸ். டெரர், 1:75 ஸ்கேல், 1845ல பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஜான் ஃபிராங்க்ளின் கூட ஆர்க்டிக் கிளம்பினப்போ இருந்த தோற்றம். கீல் (அடிமுதுகெலும்பு), பல்க்ஹெட் (அதுல நிக்கிற குறுக்குச் சட்டம்), ஃபேரிங் (பலகை படியற மாதிரி சட்டத்தோட ஓரத்தைத் தேய்க்கிறது) எல்லாம் மாடல் பண்றவங்களுக்குத் தெரியும், அதை விட்டுடறேன். இந்த முகப்பைப் பத்தி மட்டும் எழுதாம இருக்க முடியல.

இந்தக் கப்பல் ஆர்க்டிக்குக்காகக் கட்டினதே இல்ல. 1813ல இங்கிலாந்து டாப்ஷம்ல இறக்கின குண்டுக் கப்பல், குண்டை மேல்நோக்கி எறியற குட்டை பீரங்கி, அதாவது மார்ட்டர், 13 இன்ச்ல ஒண்ணு, 10 இன்ச்ல ஒண்ணு. 1814ல பால்டிமோர்ல மெக்ஹென்றி கோட்டைமேல குண்டு போட்டதுல இதுவும் உண்டு, அமெரிக்க தேசிய கீதத்துல வானத்துல வெடிக்கிற குண்டுன்னு வருதே அந்த ராத்திரிதான். மார்ட்டர் வெடிக்கிற உதை நேரா கீழ கப்பல் உடம்புலதான் இறங்கும், அதைத் தாங்கத்தான் அவ்வளவு தடி மரம், அவ்வளவு அகலம். பனிக்கட்டிக்கு நடுவுல அனுப்ப இதைத் தேர்ந்தெடுத்ததும் அதனாலதான். 1836ல ஜார்ஜ் பேக்ங்கற கடற்படை அதிகாரி ஆர்க்டிக்குக்குக் கூட்டிட்டுப் போய் மாசக்கணக்குல பனி நசுக்கி, தண்ணி ஏறி, உடம்பைச் சுத்தி சங்கிலி கட்டி அயர்லாந்து கரை வரைக்கும் வந்து சேர்ந்த கப்பல் இது. எனக்கு இதுமேல இருக்கிற மரியாதையே அங்கதான் ஆரம்பிக்குது.

ஆனா பலகை ஒட்டுறவனுக்கு அந்த உடம்புதான் சோதனை. முகப்பு பானை வயிறு மாதிரி உருண்டு சட்டுனு திரும்பும். நடுக்கப்பல்ல 5 மி.மீ. அகலமா வர்ற பலகைக்கு மூக்குகிட்ட பாதி இடம்கூட கிடைக்காது, அதுபோக பலகை தானா மேல ஏறப் பாக்கும், அதை வலுக்கட்டாயமா கீழ அமுக்கினா ஒரு ஓரம் பட்டுனு தூக்கிக்கும், உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சா அந்த இடம் மெலிஞ்சு ஓட்டையாயிடும்.

கடைசியில வேலைக்கு ஆனது இதுதான். முதல்ல மூக்குக்கும் அடுத்த பல்க்ஹெட்டுக்கும் நடுவுல பால்சா கட்டை வச்சு அடைச்சு வடிவம் கொண்டு வந்துட்டேன், பலகைக்கு ஒட்ட இடம் வேணுமே. அப்புறம் பலகையைச் சீவறதுக்கு முன்னாடியே பக்கவாட்டுல வளைக்கணும். சுடுதண்ணில ஊறவச்சு, வேலை செய்யற அடிப்பலகைமேல பென்சில்ல போட்ட வளைவுக்கு கிளாம்ப் போட்டு, ஹேர் ட்ரையர் காட்டி, முழுசா காயற வரைக்கும் கை வைக்கக்கூடாது. எடுத்தா கொஞ்சம் நிமிரும், அதனால தேவைக்கு மேலயே கொஞ்சம் வளைச்சுடணும். ஒவ்வொரு பல்க்ஹெட்லயும் பேப்பர் பட்டை வச்சு மிச்ச இடத்தை அளந்து பங்கு போட்டு அப்புறம்தான் சீவல். அகலம் பாதிக்குக் கீழ போனா பிடிவாதம் பிடிக்காம ரெண்டு பலகையை ஒண்ணா முடிச்சுடணும். கீழ் ஓரத்தை லேசா சாய்ச்சு சீவினா முடி நுழையாத அளவுக்கு உக்காருது. நகத்தை வச்சு இழுத்துப் பாத்தேன், எங்கயும் தட்டல. சொன்னா நம்பமாட்டீங்க, அவ்வளவு சந்தோஷம்.

மரம் பத்தி ஒரு விஷயம். ஆன்லைன்ல லைம்வுட்னு வாங்கின பட்டைல ரேகை குறுக்கால ஓடுது, வளைச்சா டப்புனு ஒடியுது, காசு தண்டம். அதுக்குப் பதிலா ஃபர்னிச்சர் ஆசாரிங்க வாங்கற கடைல ஸ்டீம் பீச் (ஆவில பதப்படுத்தின பீச் மரம்) துண்டு கேளுங்க, நேர் ரேகையா பாத்து எடுத்து பட்டையா அறுத்து வாங்கிட்டா பாதி விலை கூட ஆகாது, சுடுதண்ணிக்கு நல்லா வளையும். தேக்கு வேணாம், ரேகை இந்த ஸ்கேலுக்கு ரொம்ப முரடு.

இன்னும் இடது பக்கம் பாக்கி, ஆனா மனசு இப்பவே பின்பக்கம் போயிடுச்சு. 1845ல ரயில் எஞ்சின் ஒண்ணை உள்ள இறக்கி ப்ரொப்பல்லர் மாட்டினாங்க, பனி வந்தா அதை அப்படியே மேல தூக்கிக்க தனி குழி. அதை நிஜமாவே தூக்கி இறக்கற மாதிரி பித்தளைத் தகட்டுல பண்ணணும். இதே ஏற்பாடு நார்வேக்காரர் நான்சன் ஆர்க்டிக் போன ஃபிராம் கப்பல்லயும் உண்டு, அதுல சுக்கானையும் தூக்கலாம். கப்பல் கட்டற காலின் ஆர்ச்சர் ஃபிராமை அடிப்பக்கம் உருண்டையா வடிவமைச்சாரு, பனி நெருக்கினா கப்பல் நசுங்காம மேல எழும்பிடும், அப்படியே 1893லருந்து 96 வரைக்கும் தாங்கிச்சு. டெரர் முடிஞ்சதும் அதே 1:75ல ஃபிராம்தான், ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வைக்கணும்.

அதுக்கு முன்னாடி முகப்புல இரும்புத் தகடு மாதிரி ஒட்டணும். அலுமினியம் டேப்ல பின்பக்கமா ஊசி உருட்டி ஆணித்தலை எழுப்பலாம்னு இருக்கேன், பெயின்ட் அடிச்சா நிக்குமான்னு சந்தேகம். யாராவது பண்ணியிருந்தா என்ன ப்ரைமர் (பெயின்ட்டுக்கு முன்னாடி அடிக்கிற பூச்சு) போட்டீங்கன்னு சொல்லுங்க.