ஏசி பேனலைச் சோதித்த நாட்கள்

11 மே 2024, சனி, கோயம்புத்தூர்

பத்து ஆண்டுகள் ஓடிய சிறிய காரில், காற்றை வீசும் விசிறியான ப்ளோயர் நான்காம் வேகத்தில் மட்டுமே சுற்றுகிறது. மற்ற மூன்று வேகங்களிலும் அசைவே இல்லை. கோத்தகிரிக்குப் போனபோது வெப்பக் குமிழைச் சிவப்பு முனைவரை திருப்பியும் சூடான காற்று வரவில்லை. பட்டறையில் பார்த்தவர், ஏசி குமிழ்கள் உள்ள முன்பலகையைக் காட்டி, "பேனல் போயிடுச்சு சார், முழுசா மாத்திடலாம்" என்றார். கைக்கு எட்டும் இடத்தில் இருப்பதாலேயே எல்லாப் பழியும் பேனல் மீது விழுகிறது. கையால் திருப்பும் பழைய வகைப் பேனலில் சில சுவிட்சுகளும் கேபிள்களும்தான் இருக்கின்றன. அது கட்டளையை அனுப்புகிறதா, அனுப்பிய கட்டளை மறுமுனையில் நிறைவேறுகிறதா என்று தனித்தனியே பார்க்காமல் அதை மாற்ற எனக்கு மனமில்லை.

12 மே, ஞாயிறு

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, குமிழ்களை இழுத்தெடுத்து, பேனலை முன்னால் சாய்த்தேன். ப்ளோயர் சுவிட்சின் கனெக்டரைப் பிரித்து, பொது முனைக்கும் ஒவ்வொரு வேகத்துக்கான முனைக்கும் இடையே மல்டிமீட்டரால் அளந்தபோது, அந்தந்த நிலையில் ஏறத்தாழச் சுழி ஓம், அதாவது தடையே இல்லை என்று, காட்டியது. சுவிட்ச் தன் வேலையைச் செய்கிறது.

அடுத்து, வேகத்தைக் குறைக்கும் மின்தடையான ரெசிஸ்டர். குறைந்த வேகங்களில் மின்னோட்டம் இதன் சுருள்கள் வழியாகத்தான் மோட்டாருக்குச் செல்கிறது. உச்ச வேகத்தில் மட்டும் இதைத் தொடாமல் நேராகச் செல்கிறது. அதிலுள்ள வெப்ப ஃபியூஸ் உருகிவிட்டால் கீழ் வேகங்கள் அனைத்தும் ஒருசேர நின்று, நான்காவது மட்டும் மிஞ்சும். கழற்றிப் பார்த்தால் உருகித்தான் இருந்தது.

18 மே, சனி

புதிய ரெசிஸ்டர் பொருத்தியதும் நான்கு வேகங்களும் வந்துவிட்டன. ஆனால் பழையது ஏன் கருகியது என்று தெரியாமல் மூடினால், புதியதும் அதே வழியில்தான் போகும். ரெசிஸ்டர் காற்றுக்குழாய்க்குள் வைக்கப்பட்டிருப்பதே ப்ளோயரின் காற்று அதைக் குளிர்விக்கத்தான். கேபின் ஃபில்டரோ தூசியும் சருகும் அடைத்து அட்டைபோல் ஆகியிருந்தது. மோட்டாரின் அச்சைத் தாங்கும் புஷ் வறண்டு இறுகினாலும் மின்னோட்டம் கூடி ரெசிஸ்டர் சூடாகும். கையால் சுற்றிப் பார்த்ததில் அந்தக் குறை இல்லை.

ஓம் சோதனையை மட்டும் நம்பக் கூடாது என்பதால், கனெக்டரை மாட்டி ப்ளோயரை நான்கில் ஓடவிட்டு, சுவிட்சின் உள்வரும் முனைக்கும் வெளிச்செல்லும் முனைக்கும் இடையே வோல்ட்டை அளந்தேன்: 1.5 வோல்ட். கிளாம்ப் மீட்டரில் 15 ஆம்பியர். அப்படியானால் தடை வெறும் 0.1 ஓம், மலிவான மீட்டரில் அது சுழியாகவே தெரியும், ஆனால் 22 வாட்டுக்கும் மேலான வெப்பம் அந்த இணைப்பில் இறங்குகிறது. கனெக்டரைப் பிரித்துப் பார்த்தபோது ஒரு பின்னைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தது. பின்னையும் அதன் கூட்டையும் மட்டும் மாற்றினேன், இழப்பு 0.1 வோல்ட்டாகக் குறைந்தது.

19 மே, ஞாயிறு

இன்று ஹீட்டர். இன்ஜின் நன்கு சூடேறிய பின், ஹீட்டருக்குப் போகும் ஹோஸையும் திரும்பும் ஹோஸையும் தொட்டுப் பார்த்தேன். இரண்டும் சூடாக இருந்தன. ஒன்று சூடாகவும் மற்றது ஆறியும் இருந்தால் அடைப்பைத் தேடியிருப்பேன். வெந்நீர் சரியாகச் சுற்றுவதால், சூட்டையும் குளிரையும் கலக்கும் தடுப்புத் தகடுதான் மிச்சம். குமிழைத் திருப்பச் சொல்லிவிட்டுக் கீழே குனிந்து பார்த்தால், நெம்புகோல் அசையவில்லை: கேபிளின் மேலுறையைப் பிடித்திருந்த கிளிப் நழுவியிருந்தது. குமிழை நீல முனையிலும் தகட்டைக் குளிர் எல்லையிலும் நிறுத்திக் கிளிப்பை அழுத்தியதும், சிவப்பில் வெப்பம் வந்துவிட்டது. மின்னணுப் பேனலாக இருந்தால் கேபிளுக்குப் பதில் சிறு மோட்டாரின் நிலைக் குறிகை வோல்ட்டை அளக்க வேண்டியிருக்கும்.

கடைசியாக ஏசி பொத்தான். இந்தக் காரில் ஏசிக்கான கோரிக்கை ப்ளோயர் சுவிட்ச் வழியாகவே போவதால், வேகம் சுழியில் இருந்தால் கம்ப்ரசர் வராது, அது பழுதல்ல. ஒன்றில் வைத்தவுடன் ரிலே சொடுக்கி, கம்ப்ரசரை இன்ஜினோடு இணைக்கும் கிளட்ச் பிடித்தது. ரெசிஸ்டர் மாற்றுவதற்கு முன் வேகத்தை இரண்டில் வைத்தபோதெல்லாம் கம்ப்ரசர் ஓடி விரைவில் நின்றதன் காரணமும் இதனால் விளங்கியது: சுவிட்ச் கோரிக்கையை அனுப்பியிருக்கிறது, காற்றோ வீசவில்லை, காற்றைக் குளிர்விக்கும் எவாப்பரேட்டர் உறையும் அளவுக்குக் குளிர்ந்ததும் அதன் வெப்ப உணரி கம்ப்ரசரை நிறுத்தியிருக்கிறது.

பேனலை மாட்டியாயிற்று. நடுக் குமிழின் விளக்கு மட்டும் எரியவில்லை. பல்பு வாங்க வேண்டும்.