எல்பிஐசி-3 305 தேர்வு: மைக்ரேஷன் பகுதியை எப்படிப் படிக்கலாம்

எல்பிஐசி-3 305 என்பது வெர்ச்சுவலைசேஷன், கன்டெய்னர் பற்றிய லினக்ஸ் சான்றிதழ் தேர்வு. அதற்கு 60 கேள்விகள், 90 நிமிடம். கன்டெய்னர் பகுதியை எல்லோரும் ஆர்வமாகப் படித்துவிடுகிறார்கள். வெர்ச்சுவல் மெஷினை ஹோஸ்ட் (அதை ஓட்டும் கணினி) விட்டு ஹோஸ்ட் மாற்றுகிற விஷயத்தை, அதாவது மைக்ரேஷனைத்தான் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அதன் அடிப்படை பாடத்திட்டத்தின் 351.1 பிரிவிலேயே வந்துவிடுகிறது. அதைச் செய்துபார்க்கும் கருவியான லிப்விர்ட்டுக்குப் பாடத்திட்டத்தில் எடை (கேள்விகளில் அதன் பங்கு) 9. விட்டுவிடக்கூடிய பகுதி இல்லை.

இதை மனப்பாடம் செய்ய முடியாது, செய்துபார்த்தால்தான் பதியும். 16 ஜிபி ரேம் உள்ள ஒரு லேப்டாப் இருந்தால் போதும். அதில் டெபியன் 11 ஒன்று, டெபியன் 12 ஒன்று என இரண்டு வெர்ச்சுவல் மெஷின் போட்டு, அந்த இரண்டையுமே ஹோஸ்டாக வைத்துக்கொண்டேன். லினக்ஸ் 4.20-இலிருந்து இன்டெல் சிபியுவில் நெஸ்டட் வசதி (வெர்ச்சுவல் மெஷினுக்குள் இன்னொன்றை ஓட்டுவது) தானாகவே ஆனாக இருக்கும். டெபியன் 11-இல் கெர்னல் 5.10, கெமு (வெர்ச்சுவல் மெஷினை ஓட்டும் மென்பொருள்) 5.2; டெபியன் 12-இல் கெர்னல் 6.1, கெமு 7.2. பழசும் புதுசும் பக்கத்துப் பக்கத்தில் கிடைத்துவிடுகிறது. இரண்டு ஹோஸ்டும் ஒன்றையொன்று பெயர் சொல்லி அடையும்படி முதலிலேயே ஹோஸ்ட்ஸ் ஃபைலில் எழுதிவிடுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது மெஷின் டைப், அதாவது வெர்ச்சுவல் மெஷினுக்குக் கெமு காட்டும் மதர்போர்டு வகை. டெபியன் 12-இல் க்யூ35 என்று மட்டும் சொல்லி ஒரு மெஷினை உருவாக்கிவிட்டு லிப்விர்ட்டின் கட்டளைக் கருவியான விர்ஷில் 'விர்ஷ் டம்ப்எக்ஸ்எம்எல்' கொடுங்கள், மெஷினின் முழு வரையறையும் தெரியும். லிப்விர்ட் அதை 'பிசி-க்யூ35-7.2' என்று விரித்து எழுதியிருக்கும். இதை டெபியன் 11-க்கு அனுப்பினால், அந்த மெஷின் டைப்பே தெரியாது என்று அது உடனே மறுத்துவிடும். 5.2 டைப்பில் உருவானதை 12-க்கு அனுப்பினால் ஏற்றுக்கொள்ளும். பழைய டைப்புகளின் இயல்பு அமைப்புகளைப் புதிய கெமு பத்திரமாக வைத்திருக்கிறது. ஆக, இங்கே பழையதிலிருந்து புதியதற்குப் போவதுதான் நம்பக்கூடிய திசை. டைப்பை மாற்றினால் மெஷினை முழுக்க அணைத்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். உள்ளேயிருந்து ரீபூட் செய்தால் அதே கெமு ப்ராசஸ்தான் தொடரும், மாற்றம் வராது.

அடுத்தது சிபியு. என் பார்வையில் மொத்தப் பகுதியிலும் நின்று நிதானமாகப் படிக்க வேண்டிய இடம் இதுதான், ஏனென்றால் இங்கே திசையே தலைகீழாகலாம். 2019-இல் வந்த லினக்ஸ் 5.4-ஐ எடுத்துக்கொள்வோம். டிஎஸ்எக்ஸ் (இன்டெல் சிபியுவில் நினைவகச் செயல்களைத் தொகுத்துச் செய்யும் வசதி) என்பதில் பாதுகாப்புக் குறை தெரியவந்ததும், சில இன்டெல் சிபியுக்களில் அதை அணைத்து வைப்பதே மூலக் கெர்னலின் இயல்பாகிவிட்டது. ஒரே மாதிரி இரண்டு சர்வர், ஒன்றில் மட்டும் கெர்னலைப் புதுப்பிக்கிறோம் என்று வையுங்கள். பழைய கெர்னலில் 'ஹோஸ்ட்-மாடல்' (ஹோஸ்டின் சிபியுவை ஒட்டிய மாடல்) வைத்துத் தொடங்கிய மெஷினுக்குள் டிஎஸ்எக்ஸின் கூறுகளான எச்எல்இ, ஆர்டிஎம் இரண்டும் போயிருக்கும். புதிய கெர்னல் பக்கம் அவை இல்லை. இலக்கு ஹோஸ்டில் அந்த இரண்டும் குறைகின்றன என்று பெயர் சொல்லியே லிப்விர்ட் மறுத்துவிடும். வன்பொருளில் எதுவும் மாறவில்லை, பழையதிலிருந்து புதியதற்குத்தான் போகிறோம், ஆனாலும் போகாது. 'டிஎஸ்எக்ஸ்=ஆன்' என்று கெர்னலுக்குச் சொல்லலாம், ஆனால் மூடிய ஓட்டையைத் திறந்துவிடுகிற வேலை அது. முன்கூட்டியே 'கேஸ்கேட்லேக்-சர்வர்-நோடிஎஸ்எக்ஸ்' மாதிரி ஒரு மாடலைப் பெயர் குறிப்பிட்டு வைப்பதே சரி.

பொதுவான மாடலை ஊகிக்கத் தேவையில்லை. இரண்டு ஹோஸ்டிலும் 'விர்ஷ் டொம்கேப்பபிலிட்டீஸ்' எடுத்து ஒரே ஃபைலில் சேர்த்து, 'ஹைப்பர்வைசர்-சிபியு-பேஸ்லைன்' கட்டளைக்குக் கொடுத்தால் இரண்டுக்கும் பொருந்துகிற சிபியு வரையறை வந்துவிடும். விஎம்வேரில் இவிசி (பல ஹோஸ்டுகளின் சிபியுவைப் பொதுவான அளவுக்குக் கொண்டுவரும் வசதி) பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த யோசனை புதிதாகத் தெரியாது.

தேர்வில் சில கேள்விகளுக்குக் கட்டளையை நாமே டைப் செய்ய வேண்டும், எழுத்து பிசகினால் மதிப்பெண் போய்விடும். அதனால் 'விர்ஷ் மைக்ரேட்' கட்டளையைக் காப்பி-பேஸ்ட் செய்யாமல் ஒவ்வொரு முறையும் கையாலேயே அடியுங்கள். அப்புறம் ஜென் (வெர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் இன்னொரு மென்பொருள்): அதற்கு எடை 3தான், லேபை முடித்துவிட்டுப் படித்துக்கொள்ளலாம்.