ஜெர்மனிக்குப் போகும் முன் நாங்கள் போட்ட கணக்குகள்

வெளிநாடு போகிறோம் என்றதும் சொந்தக்காரர்கள் எல்லாரும் முதலில் கேட்டது, சம்பளம் எவ்வளவு என்றுதான். நாங்கள் சம்பளத்துக்காகக் கிளம்பவில்லை. நான் சோழிங்கநல்லூரில் மென்பொருள் வேலை பார்த்தேன். வாடிக்கையாளர் அமெரிக்காவில் என்பதால் முக்கியமான ஃபோன் கால் எல்லாம் சாயங்காலம் ஆறரைக்கு மேல்தான் ஆரம்பிக்கும். கணவருக்கு அம்பத்தூரில் வேலை. மேடவாக்கத்திலிருந்து போய் வருவதற்குள் அவருக்கு உயிர் போய்விடும். மகளுக்குச் சோறூட்டியது, தூங்கவைத்தது, காய்ச்சலுக்கு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடியது எல்லாமே என் அம்மா. மகள் முழித்திருக்கும்போது அவளோடு இருக்கிற ஒரு வேலை வேண்டும், அவ்வளவுதான் எங்களுக்கு.

அதனால் எந்த நாடு என்று யோசித்தபோது, அங்கே வேலை நேரத்தைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்பதைத்தான் முதலில் பார்த்தோம். ஜெர்மனியில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் என்பது சட்டம். தேவைப்பட்டால் பத்து மணி வரை போகலாம், ஆனால் ஆறு மாதச் சராசரி எட்டைத் தாண்டக் கூடாது. ஒரு நாள் வேலை முடிவதற்கும் அடுத்த நாள் வேலை தொடங்குவதற்கும் நடுவே 11 மணி நேர ஓய்வு கட்டாயம். ராத்திரி பத்தரைக்குக் கால் முடிந்து காலை ஏழரைக்கு இன்னொரு கால் என்று வாழ்ந்தவளுக்கு இந்த ஒரு விதியே போதுமானதாக இருந்தது. வாரம் ஐந்து நாள் வேலைக்கு வருடத்தில் குறைந்தது 20 நாள் சம்பளத்தோடு விடுப்பு. அலுவலக வேலைகளில் பெரும்பாலும் 28, 30 நாள் வரை கொடுக்கிறார்கள்.

சட்டம் இருந்தால் மட்டும் போதாது, அந்த நிறுவனத்தில் நடைமுறை எப்படி என்று தெரிய வேண்டும். நேர்காணலின் கடைசியில் நான் மூன்று விஷயம் கேட்டேன். வேலை நேரத்தை எப்படிப் பதிவு செய்கிறீர்கள்? குழுவில் இந்தியா, அமெரிக்காவோடு கால் இருக்கிறதா, எத்தனை மணிக்கு? குழுவில் குழந்தை வைத்திருப்பவர்கள் எத்தனை மணிக்குக் கிளம்புகிறார்கள்? வேலை நேரத்தைப் பதிவு செய்யும் முறை ஒவ்வொரு நிறுவனத்திலும் இருக்க வேண்டும் என்று அங்கே தொழிலாளர் உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் தீர்ப்பே சொல்லியிருக்கிறது, அதனால் இதைக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. சம்பளம் கூடுதலாகச் சொன்ன ஒரு இடத்தில் மூன்றாவது கேள்விக்கு நேரான பதிலே வரவில்லை. அந்த ஆஃபரை விட்டுவிட்டோம். மேற்கு ஜெர்மனியில் இருக்கும் டோர்ட்முண்ட் நகரில் கிடைத்த வேலையை எடுத்துக்கொண்டேன்.

ப்ளூ கார்டு என்பது பட்டம் படித்து வேலைக்குப் போகிறவர்களுக்கான தங்கும் அனுமதி. அதற்கு இரண்டு விஷயம் முக்கியம். ஒன்று சம்பள வரம்பு. 2025இல் வருடத்துக்கு 48,300 யூரோ. ஐடி போன்ற ஆள் பற்றாக்குறைத் தொழில்களுக்கு 43,759.80 யூரோ. ஒவ்வொரு ஜனவரியிலும் இது மாறும். இன்னொன்று பட்டம். வெளிநாட்டுப் பட்டங்களைப் பட்டியலிடும் 'அனாபின்' என்கிற தரவுத்தளத்தில் உங்கள் பல்கலைக்கழகத்துக்கு நேரே ஹெச் பிளஸ், அதாவது அங்கீகாரம் உண்டு என்று இருந்து, உங்கள் பட்டமும் பட்டியலில் இருந்தால், அந்தப் பக்கத்தை அச்செடுத்து வைத்தால் போதும். இல்லையென்றால் பட்டத்தை மதிப்பிட்டுத் தனிச் சான்று வாங்க வேண்டும், அதற்குச் சுமார் 200 யூரோ ஆகும், நேரமும் பிடிக்கும். வேலை தேடும்போதே இதை முடித்து வைப்பது நல்லது. ப்ளூ கார்டில் இன்னொரு வசதி, கணவரோ மனைவியோ மொழித் தேர்வு எழுதாமலே வரலாம், வந்த நாளிலிருந்து வேலையும் பார்க்கலாம்.

அப்புறம் சம்பளம். மொத்தச் சம்பளத்தை ரூபாயில் பெருக்கிப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை. வருடம் 60,000 யூரோ என்றால், வரியும் ஓய்வூதியம், மருத்துவம், வேலையின்மை, முதியோர் பராமரிப்பு என்று நாலு காப்பீட்டுப் பிடித்தமும் போகத் தனியாளுக்கு மாதம் கையில் வருவது ஏறக்குறைய 3,100 யூரோ. துணைக்கு வருமானம் இல்லாவிட்டால், திருமணமானவர்களுக்கான, வரிப் பிடித்தம் குறைந்த மூன்றாம் வரி வகுப்புக்கு மாறலாம், அப்போது 3,500ஐ ஒட்டி வரும். ஆனால் துணையும் அங்கே வந்து பதிவு செய்த பிறகுதான் அது. நான் முதலில் தனியாகப் போனதால், கணவரும் மகளும் வரும் வரை தனியாளுக்கான முதல் வகுப்புதான். அந்த மாதங்களில் இங்கே ஒரு வாடகை, அங்கே ஒரு வாடகை. அதற்கென்று சேமிப்பைத் தனியாக ஒதுக்கி வைத்திருந்தோம். இந்தப் பிடித்தத்தைப் பார்த்து நிறையப் பேர் மனம் ஒடிந்துபோகிறார்கள். அரசுக் காப்பீட்டில் வேலையில்லாத துணைக்கும் குழந்தைக்கும் தனிப் பிரீமியம் கிடையாது, டாக்டரிடம் போனால் பணம் எடுக்க வேண்டியதில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். குழந்தைக்கு மாதாமாதம் உதவித்தொகையும் வருகிறது, 2025இல் அது 255 யூரோவாக இருந்தது.

காகித விஷயத்தில் நம்மவர்களுக்கு மட்டும் ஒரு தனிப் பாடு உண்டு. அது இனிஷியல். என் பழைய பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருந்தது. பட்டச் சான்றிதழில் இனிஷியல் மட்டும். ஜெர்மனியில் எந்தப் படிவமும் குடும்பப்பெயர் இல்லாமல் நகராது. விசாவுக்கு முன்பே அப்பா பெயரைக் குடும்பப்பெயராகப் போட்டு பாஸ்போர்ட்டை மாற்றி வாங்கினேன். இரண்டு பெயரும் ஒரே ஆள் என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரமும் எடுத்துக்கொண்டேன். திருமணச் சான்றும் அப்படித்தான். மண்டபத்து ரசீதும் பத்திரிகையும் அங்கே செல்லாது. தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி பதிவுத் துறையில் பதிந்த சான்று வேண்டும், அதை அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஜெர்மனில் வாங்க வேண்டும். குடும்ப விசா, வரி வகுப்பு, மருத்துவக் காப்பீடு என்று அந்த ஒரு தாள் போகாத இடமில்லை.

வீடு கிடைப்பதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். வீட்டுக்காரர் கடன் வரலாற்றுச் சான்று கேட்பார், புதிதாக வந்தவரிடம் அது இருக்காது. வேலை ஒப்பந்தமும் நிறுவனத்தின் கடிதமும் வைத்துத்தான் பேசினேன். முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது என்பது சட்டம், இது நமக்கு ஆறுதல். ஆனால் விளம்பரத்தில் 'குளிர் வாடகை' என்று போட்டிருந்தால் ஹீட்டர், தண்ணீர், குப்பை எல்லாம் அதற்கு மேல். பல வீடுகளில் சமையலறை வெறும் சுவராக இருக்கும், அடுப்பும் கிடையாது, பாத்திரம் கழுவும் தொட்டியும் கிடையாது. எங்களுக்கு வந்ததும் அப்படிப்பட்ட வீடுதான். பழைய சமையலறைச் சாமான்களை ஒருவரிடம் வாங்கி, நண்பர்களை வைத்துப் பொருத்தினோம்.

குடிபோன இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும், வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாளோடு. அதற்கு அப்புறம் எல்லாம் தபாலில்தான் வரும்: வரி எண், காப்பீட்டு அட்டை, வங்கி அட்டை. டோர்ட்முண்டைச் சுற்றி ஈழத் தமிழர்கள் நிறைய இருக்கிறார்கள். பக்கத்து ஹாம் நகரில் 2002இல் அவர்கள் எழுப்பிய காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது, தேருக்கு ஊரே திரளும். நான் முருங்கைக்காய் வாங்கப் போன கடையில் இருந்த அக்கா, குடும்பம் வருகிறது என்றதும் கேட்ட முதல் கேள்வி, "தபால் பெட்டியில பேர் ஒட்டிட்டீங்களோ?" என்பதுதான். "உங்கட பேர் ஒண்டு, அவற்ற பேர் ஒண்டு, பிள்ளையின்ர பேர் இன்னொண்டு. மூண்டையும் ஒட்டுங்கோ. இல்லாட்டிக் கடிதம் திரும்பிப் போயிடும்." என் குடும்பப்பெயர் என் அப்பா பெயர், கணவருடையது அவர் அப்பா பெயர், மகளுடையது என் கணவர் பெயர். மூன்றையும் அன்றைக்கே அச்செடுத்து ஒட்டினேன். எந்த இணையதளமும் சொல்லாத அந்த ஒரு யோசனைக்கு அந்த அக்காவுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

இனி குழந்தைகள் காப்பகம், அங்கே 'கீட்டா' என்பார்கள். வேலையும் வீடும் சமநிலையாவதும் ஆகாததும் இதில்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒரு வயது முடிந்த குழந்தைக்கு இடம் கேட்கும் உரிமை 2013 ஆகஸ்ட் முதல் சட்டத்தில் இருக்கிறது. ஆனாலும் இடம் பற்றாக்குறைதான். எங்கள் மாநிலமான நார்த் ரைன்-வெஸ்ட்ஃபாலியாவில் காப்பக வருடம் ஆகஸ்ட் 1இல் தொடங்குகிறது. நடுவில் வந்தால் யாராவது விலகினால்தான் இடம். எனவே முகவரி பதிந்த கையோடு நகராட்சி இணையதளத்தில் பதிந்து, வீட்டைச் சுற்றியிருந்த காப்பகங்களுக்கு நேரிலும் போய்ப் பேசினேன். நேரில் போனதுதான் பலித்தது. வாரத்துக்கு 25, 35, 45 மணி நேரம் என்று மூன்று விதமாகப் பதியலாம். இருவரும் முழுநேர வேலை என்றால் 45 எடுத்தாக வேண்டும். பள்ளிக்கு முந்தைய இரண்டு வருடம் எங்கள் மாநிலத்தில் கட்டணம் இல்லை, சாப்பாட்டுக்கு மட்டும் பணம் கட்டுகிறோம்.

இடம் கிடைத்தவுடன் குழந்தையை விட்டுவிட்டு ஓடிவர முடியாது. பழக்குவதற்கென்றே சில வாரம் ஒதுக்குகிறார்கள். முதலில் அப்பாவோ அம்மாவோ அதே அறையில் உட்கார்ந்திருக்க வேண்டும். பிறகு பத்து நிமிடம் வெளியே, அப்புறம் அரை மணி, அப்புறம் மதியம் வரை. குழந்தை அழுதால் ஒரு படி பின்னால் போவார்கள். சென்னையில் முதல் நாளே கேட்டில் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்துவதைப் பார்த்த எங்களுக்கு இது பெரிய விஷயம். ஆனால் வேலை பார்ப்பவருக்கு அத்தனை நாள் விடுப்பு எங்கிருந்து வரும்? கணவர் வேலை தேடிக்கொண்டிருந்த சமயம் என்பதால் அவர் உட்கார்ந்தார். இருவருக்கும் வேலை இருந்தால், சேரும் தேதியை இந்த வாரங்களைக் கணக்கில் வைத்துத்தான் பேச வேண்டும். மகளுக்கு ஜெர்மன் ஒரு வார்த்தை தெரியாது. முதலில் ஒரு பொம்மை அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். அங்கிருந்த ஆசிரியை, தண்ணீர், பசி, கழிப்பறை, வலி என்ற நாலு சொல்லைத் தமிழில் எழுதித்தரச் சொல்லி, படிக்கத் தோதாக ஜெர்மன் எழுத்தில் பெயர்த்துச் சுவரில் ஒட்டிக்கொண்டார்.

குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் வீட்டில் இருக்க, அரசுக் காப்பீட்டில் உள்ள பெற்றோர் ஒவ்வொருவருக்கும் குழந்தை ஒன்றுக்கு வருடம் 15 வேலை நாள் வரை கிடைக்கிறது, சம்பளத்தின் பெரும்பகுதியைக் காப்பீடு தருகிறது. நமக்கே உடம்பு சரியில்லை என்றால் ஆறு வாரம் வரை நிறுவனமே முழுச் சம்பளம் தரும், அது விடுப்பில் கழியாது. இலையுதிர் கால விடுமுறையில் எனக்குக் கடுமையான ஜுரம். திரும்பி வந்து மேலாளரிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். "டாக்டர் சான்று இருக்கிறதா? அப்படியென்றால் அந்த நாட்களை விடுப்புக் கணக்கில் திரும்ப ஏற்றிவிடுகிறேன். படுத்திருந்ததை விடுமுறை என்று எப்படிச் சொல்வது?" என்றார். சட்டமே அப்படித்தான் சொல்கிறது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து கணவரிடம் இதைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைத்தது.

இதற்கெல்லாம் கொடுக்கும் விலையும் இருக்கிறது. சமையலுக்கு ஆள் இல்லை, பாத்திரம் தேய்க்க ஆள் இல்லை, அவசரத்துக்கு அம்மா இல்லை. எங்கள் குடியிருப்பில் மாடிப்படி துடைப்பதுகூட வாரம் ஒரு வீட்டு முறை. ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, சனிக்கிழமையே வாங்கி வைக்க வேண்டும். அலுவலகம் திருப்பித் தந்த நேரத்தில் பாதியை வீடு எடுத்துக்கொள்ளும். அதனால் கிளம்பும் முன்பே கணவரும் நானும் உட்கார்ந்து யார் எதைச் செய்வது என்று பேசி எழுதி வைத்தோம்: காலைச் சமையல் அவர், ராத்திரி நான், துணி அவர், காகித வேலை நான். இந்தப் பேச்சை விமானம் ஏறும் முன் முடிக்காத வீட்டில், பெண்ணுக்குக் கிடைப்பது இரட்டை வேலைதான். இதை எத்தனை அழுத்திச் சொன்னாலும் தகும்.

கடைசியாக, பெற்றோர். 2024 மார்ச் 1 அன்றோ அதற்குப் பிறகோ முதல்முறையாகத் திறன்பணியாளர் அனுமதி பெற்றவர்கள் தாய் தந்தையரையும் அழைத்துக்கொள்ளச் சட்டம் வழி திறந்திருக்கிறது. ஆனால் வருகிறவருக்கு மருத்துவக் காப்பீடு இருக்க வேண்டும், அறுபது எழுபது வயதில் புதிதாக ஒரு காப்பீடு கிடைப்பதும் அதற்கு மாதாமாதம் கட்டுவதும் சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாத காரியம். நாங்கள் தேர்ந்தெடுத்தது சுற்றுலா விசா: 180 நாளில் 90 நாள், குறைந்தது 30,000 யூரோவுக்குப் பயணக் காப்பீடு. மீதி மாதங்களுக்குச் சென்னையில் ஏற்பாடு வேண்டுமே. கிளம்பும் முன் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் மருத்துவ பாலிசியைப் புதுப்பித்தோம். மருந்துச் சீட்டு, பரிசோதனை அறிக்கை எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு, நகலை மேல்வீட்டுக்காரரிடமும் என் சித்தி மகனிடமும் கொடுத்தோம். வங்கிக் கணக்குகளை வெளிநாட்டு இந்தியருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றினோம், சித்தி மகன் பெயருக்கு ஒரு அதிகாரப் பத்திரமும் எழுதிக் கொடுத்தோம். வருடத்துக்கு 30 நாள் விடுப்பில் பாதியை ஊருக்கென்று தொடக்கத்திலேயே ஒதுக்கிவிடுகிறேன். அம்மா அடுத்த மே மாதம் வருகிறார். அவர் இங்கே இருக்கும்போதுதான் ஹாம் கோயில் தேரும் வரும், குளிரும் குறைந்திருக்கும்.