ஹெக்டரின் உடலைக் கழுவியவர்கள்

கிரேக்கக் கவிஞர் ஹோமரின் இலியட் காவியம் என்றதும் பலருக்கு மரக்குதிரைதான் நினைவுக்கு வருகிறது. அந்தக் குதிரை இலியட்டில் வருவதில்லை. ட்ராய் நகரம் எரிவதும் இல்லை, கிரேக்கரின் தலைசிறந்த வீரன் அக்கிலீஸ் சாவதும் இல்லை. ட்ராய்மீது கிரேக்கர் நடத்திய பத்தாண்டுப் போரின் கடைசி ஆண்டில் சில வாரங்கள் மட்டுமே கதை. 24 காண்டங்களில் 15,000 வரிகளுக்கு மேல் பாடிய ஹோமர், வெற்றியைப் பாடவில்லை. எதிரியான ட்ராய் நாட்டு வீரன் ஹெக்டரின் ஈமச்சடங்கோடு நிறுத்திக்கொள்கிறார். ஏன் அங்கே நிறுத்தினார் என்று யோசித்தபடிதான் நான் இந்தக் காவியத்தை மறுபடி மறுபடி எடுக்கிறேன்.

நான் அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். இறந்தவரின் கண்களை மூடி, தாடையைக் கட்டி, உடலைத் துடைத்து, துணி சுற்றி உறவினரிடம் ஒப்படைப்பது எங்கள் வேலையில் ஒரு பகுதி. அந்தப் பழக்கத்தால்தான் 24ஆம் காண்டத்தில் நாலைந்து வரிகளில் முடிந்துவிடும் ஓர் இடம் என்னைப் பிடித்து நிறுத்தியது. அதைச் சொல்வதற்கு முன் அந்த வீரர்கள் எதற்காக வாழ்ந்தார்கள் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அவர்களுக்கு மானம் என்பது கண்ணால் பார்க்கக்கூடிய பொருள். கொள்ளையில் யாருக்கு எவ்வளவு பங்கு, விருந்தில் யாருக்கு எந்த இறைச்சித் துண்டு, யாருடைய கிண்ணம் நிறைந்திருக்கிறது என்பதில்தான் ஒருவனின் மதிப்பு தெரியும். அக்கிலீஸுக்குப் பங்காகக் கிடைத்த பிரிசேயிஸ் என்ற பெண்ணைக் கிரேக்கப் படைத்தலைவன் அகமெம்னான் பிடுங்கிக்கொண்டதும், அவன் போரிலிருந்து விலகிக் கூடாரத்தில் உட்கார்ந்துவிடுகிறான். ஒரு பெண்ணைப் பரிசுப் பொருளாகப் பங்கிட்ட கொடுமையை நான் மறைத்துப் பேசப் போவதில்லை. ஆனால் அந்தச் சபையின் கணக்கில் அது அவன் முகத்தில் காறி உமிழ்ந்ததற்குச் சமம்.

இந்தக் கணக்கின் நல்ல பக்கம் 12ஆம் காண்டத்தில் இருக்கிறது. ட்ராய்க்குத் துணையாக வந்த லிசியா நாட்டின் தலைவன் சார்பெடான் தன் தோழன் கிளாக்கஸிடம் கேட்கிறான்: நம் நாட்டில் நமக்கு முதல் இருக்கையும் நல்ல இறைச்சியும் நிறைந்த கிண்ணமும் ஆற்றங்கரை நிலமும் எதற்காகத் தருகிறார்கள்? அப்படியானால் முன்வரிசையில் நிற்க வேண்டியவர்களும் நாம்தானே? செஞ்சோற்றுக் கடன் என்று நாம் சொல்வதை அவன் சொல்கிறான். சங்கப் பாடல்களையும் ஹோமரையும் அருகருகே வைத்து ஆராய்ந்து க. கைலாசபதி 1968இல் ஆங்கிலத்தில் ஒரு நூலே வெளியிட்டார். புறநானூறு படித்தவர்களுக்குச் சார்பெடான் அந்நியனாகத் தோன்ற மாட்டான்.

ஆனால் முன்வரிசையில் நிற்பது மட்டுமே வீரம் என்று ஹோமர் விட்டுவிடவில்லை. செத்த எதிரியை என்ன செய்கிறாய், கையேந்தி வந்தவனை என்ன செய்கிறாய் என்ற இரண்டு கேள்விகளையும் காவியம் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். இவற்றில்தான் அக்கிலீஸ் விழுகிறான். இவற்றில்தான் எழுகிறான் என்பதும் என் உறுதியான கருத்து.

6ஆம் காண்டத்தில் ஹெக்டரின் மனைவி ஆண்ட்ரோமக்கி கோட்டை வாசலில் நின்று தன் கதையைச் சொல்கிறாள். அவளுடைய தந்தையையும் ஏழு சகோதரர்களையும் கொன்றவன் அக்கிலீஸ். ஆனாலும் தந்தையின் கவசத்தை அவன் உரிக்கவில்லை என்கிறாள். அப்படிச் செய்ய அவன் மனம் கூசியதாம். கவசத்தோடு சேர்த்து எரித்து மேடு எழுப்பினான். மலைத் தேவதைகள் அதைச் சுற்றி மரம் நட்டார்கள். தன் குடும்பத்தை அழித்தவனைப் பற்றி அந்தப் பெண்ணே தரும் சான்று இது. அக்கிலீஸுக்கு முறை தெரியும். தெரிந்தவன்தான் பிறகு மீறுகிறான்.

உயிர்த்தோழன் பத்ரோக்ளஸை ஹெக்டர் கொன்றுவிட்ட பிறகு நடப்பது அது. 22ஆம் காண்டத்தில் இருவரும் நேருக்கு நேர் நிற்கும்போது ஹெக்டர் ஓர் ஒப்பந்தம் கேட்கிறான்: யார் வென்றாலும் மற்றவனின் உடலை அவன் ஆட்களிடம் கொடுத்துவிட வேண்டும். சிங்கத்துக்கும் மனிதனுக்கும் இடையே சத்தியம் கிடையாது என்று அக்கிலீஸ் மறுக்கிறான். கொன்றபின் கணுக்காலுக்கும் குதிகாலுக்கும் நடுவே துளையிட்டு, தோல்வாரைக் கோத்து, தேரில் கட்டி இழுக்கிறான். தலை மண்ணில் புரள்கிறது. மதிலின் மேலிருந்து தந்தை பிரியாமும் தாய் ஹெக்குபாவும் பார்க்கிறார்கள்.

ஆண்ட்ரோமக்கிக்கு இன்னும் தெரியாது. வீட்டின் உள்ளறையில் துணியில் பூவேலை நெய்துகொண்டிருக்கிறாள். போரிலிருந்து வரும் கணவன் குளிக்க வேண்டுமே என்று பெரிய கொப்பரையை அடுப்பில் ஏற்றச் சொல்லியிருக்கிறாள். அப்போதுதான் மதில் பக்கமிருந்து ஓலம் கேட்கிறது. கையிலிருந்த நெசவு நாடா கீழே விழுகிறது. கணவர் இறந்துவிட்டார் என்பது தெரியாமல், அவருக்குக் கஞ்சி வாங்கிக்கொண்டு வார்டுக்குள் வருகிற மனைவிகளை நான் பார்த்திருக்கிறேன். ஹோமர் பொய் சொல்லவில்லை.

அந்தக் குளியல் ஹெக்டருக்குக் கிடைக்கிறது, எதிரியின் பாசறையில்.

கிழவர் பிரியாம் இரவில் கோவேறு கழுதை வண்டி நிறையப் பொருள் ஏற்றிக்கொண்டு வருகிறார்: 12 அழகிய அங்கிகள், போர்வைகள், 10 தாலந்து (பழைய எடை அளவு) பொன், திரேஸ் நாட்டவர் தந்த அருமையான கிண்ணம். கூடாரத்துக்குள் நுழைந்து, தன் பிள்ளைகளைக் கொன்ற கைகளை முத்தமிடுகிறார். உன் தந்தையை நினைத்துப்பார் என்கிறார். இருவரும் அழுகிறார்கள், ஒருவர் ஹெக்டரை நினைத்து, மற்றவன் தன் தந்தையையும் பத்ரோக்ளஸையும் நினைத்து. எல்லோரும் எடுத்துச் சொல்லும் இடம் இதுதான். சொல்லத் தகுந்த இடம்தான்.

என்னை நிறுத்தியது இதற்கு அடுத்து வருவது. அக்கிலீஸ் வெளியே போய்ப் பணிப்பெண்களை அழைத்து, உடலைக் கழுவி எண்ணெய் பூசச் சொல்கிறான். அதையும் பிரியாமின் கண்ணில் படாத இடத்துக்கு எடுத்துப்போய்ச் செய்யச் சொல்கிறான். அந்தக் கோலத்தில் மகனைப் பார்த்தால் கிழவருக்குக் கோபம் பொங்கலாம். அதைக் கண்டு தனக்கும் கோபம் மூண்டு அவரைக் கொன்றுவிடுவோமோ என்று அவனுக்குப் பயம். பிறகு, வந்த பொருள்களிலேயே இரண்டு போர்வையையும் ஓர் அங்கியையும் ஒதுக்கிவைத்து உடலைச் சுற்றுகிறார்கள். பாடையில் தூக்கி வைப்பவன் அக்கிலீஸேதான்.

உடலைக் கொடுத்துவிடு என்பது தேவர்களின் அரசன் சீயஸின் கட்டளை. அக்கிலீஸின் தாய், கடல் தேவதை தீட்டிஸ் வந்து சொல்லிவிட்டுப் போனாள். கழுவிக் கொடு என்று எந்தத் தெய்வமும் சொல்லவில்லை. தகப்பன் பார்க்காத இடத்தில் கழுவு என்றும் சொல்லவில்லை. அது அவனுடைய யோசனை. விபத்தில் சிதைந்து வந்த பிள்ளையை, பெற்றவர்கள் உள்ளே வருவதற்குள் ரத்தம் துடைத்து முகத்தையாவது சரிசெய்து வைக்க நாங்கள் எவ்வளவு அவசரப்படுவோம் என்பது எனக்குத் தெரியும். ஆண்ட்ரோமக்கியின் தந்தையைக் கவசத்தோடு எரித்தவன் இங்கே திரும்பி வந்துவிட்டான் என்றே படிக்கிறேன். தன் கோபம் எவ்வளவு பக்கத்தில் நிற்கிறது என்று அறிந்து அதற்கு வழிவிடாமல் நகர்ந்துகொள்கிறானே, ஹெக்டரை வென்றதைவிட இதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

அந்தப் பணிப்பெண்கள் யார்? அக்கிலீஸின் கூடாரத்தில் வேலை செய்தவர்கள் அவனும் பத்ரோக்ளஸும் போரில் பிடித்துக்கொண்டு வந்த பெண்கள். 19ஆம் காண்டத்தில் பத்ரோக்ளஸின் உடலைச் சுற்றி நின்று, அவனைச் சாக்கிட்டு அவரவர் துயரத்துக்கு அழுதார்களே, அவர்களைப் போன்றவர்கள். ஹெக்டரைக் கழுவியவர்களில் ஒருத்திக்குக்கூடக் கவிஞர் பெயர் தரவில்லை. அவர்களுக்கு இன்னும் பத்து வரி கொடுத்திருக்கலாம் என்று இன்றைக்கும் எனக்கு ஆதங்கம் உண்டு.

அதன்பின் அக்கிலீஸ் ஆட்டை வெட்டி விருந்து கொடுக்கிறான். ஈமச்சடங்குக்கு எத்தனை நாள் வேண்டும் என்று கேட்கிறான். 9 நாள் அழுகை, 10ஆம் நாள் தீ, 11ஆம் நாள் மேடு, 12ஆம் நாள் போர் செய்தே ஆக வேண்டுமானால் செய்வோம் என்கிறார் பிரியாம். அதுவரை போரை நிறுத்திவைப்பதாக வாக்குக் கொடுத்து, கிழவர் அஞ்சாதிருக்க அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறான். இது சமாதானம் இல்லை என்பது இருவருக்கும் தெரியும். மேடு எழுப்பும்போது ட்ராய்க்காரர்கள் நாலாபுறமும் காவல் நிறுத்திவைத்தார்கள் என்று ஹோமர் மறக்காமல் சொல்கிறார்.

முதல்முறை படிக்கப்போகிறவர்கள் 1ஆம் காண்டத்தை முடித்ததும் நேராக 24க்குப் போகலாம். முதலில் ஒரு கிழத் தந்தை, பூசாரி கிரைசெஸ், மகளை மீட்கப் பொருளோடு வருகிறார். அகமெம்னான் மிரட்டித் துரத்துகிறான். கடைசியில் இன்னொரு கிழத் தந்தை பொருளோடு வருகிறார். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்துவிட்டு, பிறகு 2ஆம் காண்டத்திலிருந்து தொடங்குங்கள். அங்கே கப்பல்களின் நீண்ட பட்டியல் ஒன்று வரும், சலித்துப்போய் விட்டுவிடாதீர்கள்.